விமானத்தைச் சுற்றியிருந்த கோடுகள்

வணக்கத்துக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நான் இங்கே நலமாக இல்லை. நீங்களும் அத்தையும் என் பங்குக்கும் சேர்த்து நலமாக இருக்கவும்.

மாமா, ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். "அவளுக்கு வாய் கிடையாது, கைதான் பேசும்" என்று சொல்லி இந்த விமான ஆராய்ச்சிக் கூடத்தில் படம் திருத்தும் வேலை வாங்கிக் கொடுத்தீர்களே, அந்தக் கைதான் கவிழ்த்துவிட்டது. ஒரு விமானம் ஒலியை முந்திப் பறந்தபோது, மேலே இன்னொரு விமானத்திலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். பெரிய சார் அந்தப் படங்களைக் கொடுத்து, "லென்ஸ்ல தூசி இருந்திருக்கும்மா, புள்ளி கிள்ளி தெரிஞ்சா எடுத்துடு" என்றார். புள்ளி இரண்டோ மூன்றோதான்; ஆனால் விமானத்தின் மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் மெல்லிய கோடுகள் விரிந்து கிடந்தன. போட்டோ ஸ்டூடியோவில் இருந்தபோது எத்தனை நெற்றிச் சுருக்கங்களை நீவியிருக்கிறேன், பாஸ்போர்ட் படத்தில் ஐம்பது வயதுக்காரரை மாப்பிள்ளையாக்கி அனுப்பியவள், இதை விடுவேனா? கேட்டிருக்கலாம். கேட்க வாயைத் திறக்க வேண்டுமே! அதற்கு அழிப்பதே சுலபம் என்று கணினி முன்னால் கழுத்து வலிக்க வலிக்க எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன்.

பெரிய சார் வந்து பார்த்தார்.

"கோடெல்லாம் எங்கம்மா?"

"எடுத்துட்டேன் சார்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுகூட விடல சார்" என்றேன், பாராட்டுவார் என்று நினைத்து. அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

காற்று இடிபட்டு எழும் அதிர்ச்சி அலையாம் மாமா அந்தக் கோடு. கண்ணுக்குத் தெரியாத அதைப் பிடிக்கத்தான் இரண்டு விமானிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தார்களாம். பக்கத்து மேசைக்காரர், "அப்படியே விமானத்தையும் அழிச்சிருந்தா, பறக்கவே இல்லைன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம்" என்கிறார். கழிப்பறையில் போய் அழுதேன். பள்ளிக்கூடம் போச்சு, ஸ்டூடியோ போச்சு, இதுவும் போச்சு, கூடவே உங்கள் பெயரும் போச்சு. அத்தைக்கு ஒத்தாசையாக இருந்துகொள்கிறேன். அங்கே எதைத் துடைத்தாலும் யாரும் தேட மாட்டார்கள்.

அத்தைக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்க வெட்கப்படும் மருமகள்

பி.கு.: மாமா, வர வேண்டாம். கடித உறையை ஒட்டும்போது பெரிய சார் கூப்பிட்டார். மூலப் படங்கள் பத்திரமாக இருக்கின்றனவாம். அவற்றிலிருந்து நான் துடைத்த படங்களைக் கணினியில் கழித்துப் பார்த்தால், விமானம் போய், தரை போய், அலைகள் மட்டும் தனியே நிற்கின்றன! "இனிமே நீதாம்மா அழிக்கணும்" என்கிறார். மூன்றாவது படத்தில் மட்டும், இருக்கவே முடியாத இடத்தில் ஒரு பெரிய அலை தெரிகிறதாம். எல்லோரும் சுற்றி நின்று அதைத்தான் ஆராய்கிறார்கள். அது துடைக்கும்போது என் கை வழுக்கிய இடம். சொல்ல வாய் வரவில்லை. எதற்கும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள்.