பம்பு எங்கே போனது

வறண்ட ஆற்று மணலில் வண்டியின் பின்சக்கரம் பாதிக்குமேல் புதைந்ததும் உசியேலுக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. கெட்டியான தடத்தை விட்டு வேண்டுமென்றே வண்டியை ஒடித்தவன் அவன்தான். சாயங்காலம் ஸ்வாகோப்முண்டிலிருந்து கேப் டவுன் பஸ் கிளம்பும். அக்கா உனோச்சாரி அதில்தான் நர்ஸ் வேலைக்குப் போகிறாள். இதை விட்டால் அடுத்த பஸ் வியாழக்கிழமைதான். வேலையில் சேர அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. அதுவரை அக்கா வீட்டில் இருப்பாள்.

"கண்ணு எங்கடா இருந்துச்சு?"

"வெயில்ல கூசிடுச்சுக்கா. இரு, காத்தை இறக்குறேன்."

அந்த ஆற்றில் எல்லோரும் செய்வதுதான். சக்கரத்தில் காற்றை இறக்கி மணலைத் தாண்டுவார்கள், அக்கரையில் பம்பால் அடித்துக்கொள்வார்கள். வண்டி முக்கி முனகிக் கரையேறியது. பார்த்தால் பம்பைக் காணோம்.

"காலையில பெட்ரோல் பங்க் கடையில சுட்ட கறி வாங்கப் போனப்பகூட பின்னாடி இருந்துச்சேக்கா."

"நீ வெச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று அக்கா மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இது அவன் போட்ட திட்டத்தில் இல்லை. தொளதொளத்த சக்கரங்களோடு ஊர்ந்தார்கள். கூரான கல்லில் ஒரு டயர் கிழிந்தது. ஸ்டெப்னி மாட்டலாமென்றால் ஜாக்கி புழுதிக்குள் இறங்கியது. அதற்கு அடியில் அக்காவின் பெட்டியை வைத்தான். பெட்டி வாயைப் பிளந்தது. மாட்டுக்கொம்பு மாதிரி இருபுறமும் நீட்டிக் கட்டுகிற அவளுடைய தலைத்துணி பறந்துபோய் முட்செடியில் உட்கார்ந்தது.

அதை எடுத்து முள் முள்ளாகப் பிடுங்கும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, நான்தான் வேணும்னே மணல்ல விட்டேன். நீ போயிட்டா வீட்டுல யார்கிட்டக்கா சண்டை போடுவேன்?"

"உன்னை நம்பி ஏறினேன் பாரு, என்னைச் சொல்லணும். என் தம்பின்னு வெளியில சொல்லிக்காத." திட்டிக்கொண்டே அவன் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

வெயில் சாய்ந்தபோது ஆட்டு லாரி ஒன்று வந்து நின்றது. நிற்கிற வண்டியைத் தாண்டிப் போகிற வழக்கம் அந்தப் பாதையில் யாருக்கும் கிடையாது. டிரைவர் இறங்கி, மாடு கன்றெல்லாம் சௌக்கியமா, உங்கள் பக்கம் மழை உண்டா என்று சாவகாசமாக விசாரித்தார். அப்புறம் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பம்பை எடுத்தார். கைப்பிடியில் உசியேல் சுற்றிய அதே சிவப்புத் துணி.

"இந்தாம்மா. தம்பி கறி வாங்கப் போனப்ப குடுத்தியே. நீ சொன்ன மாதிரியே பஸ் கிளம்புற நேரம் தாண்டித்தான் கொண்டாந்திருக்கேன்."