கன்றுக்குட்டியும் லைக்ரா கயிறும்

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த நான் ஒரு கன்றுக்குட்டியிடம் தோற்றவன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் மற்றவர்கள் சொல்லும்போது கன்றுக்குட்டியின் அறிவு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

காங்கயம் பக்கம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடும் ஆறு மாடுகளும் எங்களுக்கு இருந்தன. அக்கா எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். (மிதித்த வேகத்தில் தலைக்கும் ஏறிவிட்டது.)

நான் கடைசி வருடம் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை கட்டிங் மாஸ்டர். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மாவுக்கு ஒரே பயம். அப்போது கறவையில் இருந்தது மயிலைப் பசு ஒன்றுதான். நாட்டு மாடு, சொம்பு நிறையக் கறந்தாலே பெரிது.

"அவுங்க வந்ததும் நொரையோட கறந்து காப்பி போட்டுக்கலாம். கன்னை மட்டும் எட்டக் கட்டீரு கண்ணு" என்றாள் அம்மா.

நார்க்கயிறு கன்றின் கழுத்தை அறுக்குமே என்று எனக்குக் கருணை பொங்கியது. அக்கா கொண்டுவந்திருந்த வேஸ்ட் துணியைக் கிழித்துக் கயிறாகப் பின்னினேன்.

"டேய், அது லைக்ரா ரிப்பு. இழுத்தா நீளும்டா."

"மூணு பிரி போட்டா நீளாது. உனக்கு அதெல்லாம் புரியாதுக்கா."

(முந்தின மாதம்தான் மீட்சித்தன்மை பற்றி ஆறு பக்கம் பரீட்சை எழுதியிருந்தேன்.)

விருந்தாளிகள் உட்கார்ந்ததும் சொம்போடு போன அம்மா, வெறும் சொம்போடு திரும்பினாள். "அடக் கெரகமே, மடி வத்திக் கெடக்குது!" கன்று, கட்டிய இடத்திலேயே சாதுவாக நின்றிருந்தது. வாயில் மட்டும் நுரை.

பக்கத்தில் பால் வாங்கக் கடை கிடையாது. அக்கா கருப்பட்டிக் காப்பியை எடுத்துவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"பால் இல்லீங்க. கன்னு குடிச்சுருச்சு. நாந்தானுங்க சரியாக் கட்டல" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறந்தேன். அவள் முறைத்தாள். மூடிக்கொண்டேன். (என் வாழ்க்கையில் வெட்கப்படும் விஷயங்களில் அதுவே முதலிடம்.)

அந்த நேரம் பார்த்துக் கன்று மறுபடி கிளம்பியது. வாசல் வழியாக எல்லோரும் பார்த்தோம். காலை ஊன்றி எக்கியது. கயிறு ரப்பராக நீண்டது. மடியை எட்டி இரண்டு இழுப்பு இழுத்தது. கால் சறுக்கியதும் கயிறு அதைப் பின்பக்கமாகவே முளைக்குச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

மாப்பிள்ளை எழுந்துபோய்க் கயிற்றை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "லைக்ரா ரிப்புங்க. செக்கிங்ல இருக்கறவங்க இதுல கன்னைக் கட்ட மாட்டாங்க. படிச்சவங்க யாரோதான் கட்டீருக்கோணும்" என்று என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "இன்னொரு டம்ளர் காப்பி கெடைக்குமுங்களா?" என்றார்.

இப்போதும் அக்கா வீட்டுக்குள் நான் கால் வைத்தால், "மாப்ள வந்தாச்சு, பாலை மூடி வைங்க!" என்று மச்சான் குரல் கொடுப்பார். எனக்கு முதலில் வருவது கருப்பட்டிக் காப்பிதான்.

நான் இன்று பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மீட்சித்தன்மைப் பாடத்தன்று அந்தக் கயிற்றை எடுத்துப்போய்க் கதையைச் சொல்வேன். பிள்ளைகள் சிரித்து ஓய்ந்ததும் யாராவது கேட்பார்கள்: "அதுல போயி யாருங்க சார் கட்டுனது?"

"நான்தான்" என்பேன். அன்றைக்கு வராத வார்த்தை, வருடத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது.