நாய்ப் பிரிவின் தலைவர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ பதில் போட்டு நாளாகிவிட்டதால், அங்கேயும் எல்லோரும் சுகம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் மகனை விசாரணையில்லாமல் சிறையில் வைத்தபோது முதலில் குரல் கொடுத்த மனித உரிமைச் சங்கம் உனக்கு நினைவிருக்கும். அப்போது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு வக்கீலம்மா, ஒரே வேலை: அடைபட்டவர்களை வெளியே கொண்டுவருவது. இப்போது கட்டடம் முழுக்க அவர்கள்தான். மரத்துக்கு ஒரு பிரிவு, இரைச்சலுக்கு ஒரு பிரிவு, தூக்கத்துக்குக்கூட ஒன்று இருக்கிறதப்பா. மகனைப் பார்க்க மறுபடியும் அனுமதி மறுத்துவிட்டார்கள் என்று சொல்லப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் முழித்தாள். "சிறையா? அது இப்போ தனியா இல்லீங்க ஐயா, எல்லாத்துலயும் கலந்திருக்கு." "அப்போ நான் எந்த அறைக்கும்மா போகணும்?" என்றேன். யோசித்துவிட்டு, ஆள் இருந்த ஒரே அறைக்கு அனுப்பினாள். அது நாய்ப் பிரிவு. கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நரைத்த தலையைக் கண்டதும் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். நான் என் குறையைத்தான் சொன்னேன். "எம் புள்ளைய காத்து வராத இடத்துல அடைச்சு வெச்சிருக்காங்க. வேளைக்குச் சாப்பாடு கிடையாது. என்னைக்கூடக் கிட்ட விடமாட்டேங்கறாங்க." ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுது என்ன வகைங்க?" என்று கேட்டார். "மெக்கானிக்குங்க" என்றேன். அதற்குள் கைதட்டல். என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

திருத்தத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெண், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். உன் அண்ணி போன பிறகு, இந்த வீட்டில் சொட்டுகிற குழாய்தான் எனக்குப் பேச்சுத்துணை. திருத்தாமல் தலைவராகவே இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பட்ட பாடு கொஞ்சமா? நாய் குரைத்தால் இரைச்சல் பிரிவு எங்கள்மேல் புகார் எழுதுகிறது, தூக்கப் பிரிவு இரண்டு பேர்மேலும் எழுதுகிறது, எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். நடுவில் மகன் பேச்சை எடுத்தால், "அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லீங்களே" என்கிறார்கள். கடைசியில் அந்தப் பழைய வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "நாங்க கைவிடணும்னு கைவிடல. ஒவ்வொண்ணா வந்து சேர்ந்துச்சு, எல்லாமே நல்ல காரியமாத்தான் தெரிஞ்சுது. இப்போ உங்க மகன் விஷயம் எந்தப் பிரிவுக்குப் போகணும்னு எனக்கே தெரியல" என்று சொல்லித் தலை குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

போதும் தம்பி. நாளைக்கே பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுகிறேன். ஒரு மூலை ஒதுக்கி வை. உன் மனைவிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகள் என்னை மறந்திருந்தாலும் அவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அண்ணன்.

பி.கு.: மூலை வேண்டாம். இப்போதுதான் போன் வந்தது. சிறையில் காவல் நாய்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க எங்கள் குழுவுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். மகன் இருக்கும் அதே சிறைதான். நாய்க் கொட்டடி, கைதிகள் இருக்கும் கட்டடத்தை ஒட்டியே இருக்கிறதாம். தலைவர் கட்டாயம் வர வேண்டுமாம். நாய்களிடம் கொஞ்சம் உரக்கவே பேசலாம் என்றிருக்கிறேன். என் குரலை அவன் மறந்திருக்க மாட்டான்.