பெல்ட்டில் புகுந்த பேய்

துக்குமான் ஊர்க் கரும்பாலைக்குச் செவ்வாய்க்கிழமை வந்தால் போதும், திருவிழாதான். மந்திரவாதி எவரிஸ்தோ வருவார். கூடவே கோழி, ஒயின், பன்றித்தொடை என்று காணிக்கையோடு ஒரு பட்டாளமும் வரும்.

கரும்பை மேலே தூக்கிவிடும் மிஷின் ஓடும்போது வீல் வீல் என்று அலறியது. ஆலையில் கறுப்பு நாய் உருவில் திரிவதாக ஊரே நம்பும் பிசாசு அதற்குள் புகுந்துவிட்டதாம். எவரிஸ்தோ முணுமுணுத்து, புட்டியிலிருந்து புனிதநீரை, மிஷினைச் சுழற்றும் மோட்டார் பெல்ட்டில் ஊற்றுவார். அலறல் நிற்கும். கூட்டம் மண்டியிடும். மூன்றே நாளில் மறுபடி அலறல்! பிசாசு செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்கும், அவ்வளவு ஒழுக்கமான பிசாசு.

ஃபிட்டர் நெலிதாவுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பெல்ட்டை இறுக்குகிறேன் என்று இரண்டு முறை கேட்டாள். "தொடாதம்மா, பிசாசுக்குக் கோவம் வரும்" என்று மேஸ்திரி பசிலியோ தடுத்துவிட்டார்.

ஆனால் இந்தச் செவ்வாயன்று எவரிஸ்தோ புதிதாக ஒன்று சொன்னார். சக்கை கூட்டும் விதவை எர்மிந்தாவோடுதான் பிசாசு உள்ளே வந்ததாம். அவளை விரட்டினால்தான் போகுமாம். மேஸ்திரி தலையாட்டினார். எர்மிந்தா துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

நெலிதாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. அலறும் மிஷின் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். பிசாசு பயப்படறது உங்க மந்திரத்துக்கா, புட்டிக்கா?"

"என்ன கேள்வி இது? மந்திரத்துக்குத்தான்!"

"அப்போ இந்தக் குழாய்த் தண்ணிய மந்திரிச்சு ஊத்துங்க."

எவரிஸ்தோ ஓர் அடி பின்வாங்கினார். ஆனால் அத்தனை கண்களும் அவர் மேல். ஊற்றினார்.

அலறல் இரண்டு மடங்கானது. முன்வரிசை பின்வரிசையின் கால்களை மிதித்தது.

"பிசாசுக்கு வெறி ஏறிடுச்சு!" என்றார் எவரிஸ்தோ.

"பெல்ட்டு வழுக்குது, அவ்வளவுதான்." நெலிதா புட்டியைப் பிடுங்கி உள்ளங்கையில் கொட்டினாள். விரல்கள் ஒட்டிக்கொண்டன. "வெல்லப்பாகும் பைன் பிசினும். மூணு நாளைக்கு ஒட்டும், அப்புறம் காய்ஞ்சு உதிரும். இப்ப என் மந்திரத்தப் பாருங்க."

மோட்டாரை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டினாள். அடியிலிருந்த நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைப் பின்னுக்கு நகர்த்தி முடுக்கினாள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அளவாக அமுங்கியது.

"ரொம்பத் தொய்ஞ்சாலும் அலறும், ரொம்ப இறுக்கினா பேரிங் போயிடும். பிசாசு குடியிருந்தது இந்த எடத்துலதான்."

மிஷின் ஓடியது. சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. அடுத்த செவ்வாயும் இல்லை; எவரிஸ்தோவும்தான் இல்லை, காணிக்கைக் கோழிகளும் இல்லை. எர்மிந்தா எப்போதும் போலச் சக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை நெலிதா உள்ளே வந்தபோது, அவளுடைய ஸ்பேனருக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். மேஸ்திரி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அடக் கடவுளே, என்னய்யா பண்றீங்க?"

"சக்தி வாய்ந்த ஸ்பேனரும்மா!"

நெலிதா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"பெல்ட்டு தொய்ஞ்சா நான் முடுக்கறேன். உங்க மூளை தொய்ஞ்சு கெடக்கே, அத நீங்கதான்யா முடுக்கிக்கணும்!"