நிசப்தாசுர வதமும் நூறு புத்தகமும்

வாழ்க! நெஞ்சில் நெருப்பும், நாவில் இடியும், முன்பல் இருந்த இடத்தில் ஒரு சன்னலும் உடையவளும், மூன்றாம் வகுப்பு ஆ பிரிவின் முடிசூடா அரசியும், நாலு விசைத்தறியை ஒற்றை ஆளாய் ஓட்டும் அங்கம்மாளின் திருவயிற்றில் உதித்தவளும், இளம்பிள்ளைத் தறிக்காரத் தெருவின் தவப்புதல்வியுமாகிய சௌந்தர்யா வாழ்க! அவள் சேலத்து அஸ்தம்பட்டிக்குப் படையெடுத்துச் சென்று, ஒரே ஒரு பக்கத்தை வாசித்து மீண்ட பெருங்கதையை யாம் சொல்லப் புகுகின்றோம். இத்தகைய காரியங்களில் முதலில் ஆனைமுகனை அழைப்பது மரபு. ஆனால் முறம்போன்ற செவியுடைய அப்பெருமான் இக்கதையின் சத்தத்தைத் தாங்குவாரோ என்ற கவலையால், தூரத்தில் நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே செல்கிறோம்.

அத்தெருவின் சிறப்பைக் கேளீர்! வீட்டுக்கு எட்டுத் தறி, வீதிக்கு நூறு தறி என விடியல் தொட்டு விளக்கு வைத்த பின்னும் சடக்குச் சடக்கென்று முழங்கும் அத்திருவீதியில், காக்கை கரைந்தால் அதன் வாய் அசைவது மட்டுமே தெரியும். கணவன் மனைவி ரகசியத்தையும் கத்தித்தான் பேசவேண்டும் என்பதால் அது மூன்று வீட்டுக்குக் கேட்கும். அம்முழக்கத்தின் நட்டநடுவே, ஒரு தறிப்பட்டறையின் சுவரை ஒட்டிய அறையில், ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த வித்யா என்னும் நங்கை, தினமும் மாலையில் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வாசிப்பு மன்றம் நடத்தினாள். சுவருக்கு அப்பால் தறி ஓர் அடி வைக்கும். இப்பால் பிள்ளைகள் ஒரு சொல் வைப்பார்கள். ‘ஒரு’ சடக்கு ‘காட்டில்’ சடக்கு ‘ஒரு’ சடக்கு ‘நரி’ சடக்கு என்று, தொண்டை நரம்பு புடைக்க, தறியோடு தறியாகப் படிப்பதே அவர்கள் அறிந்த ஒரே படிப்பு. வேறுவிதமாகவும் படிக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மன்றத்தின் கருவூலத்தில் இருந்தவை ஏழே நூல்கள். இரண்டுக்கு அட்டை இல்லை, ஒன்றுக்கு முடிவு இல்லை. எட்டுத் தலைகள் ஒரே நூலின் மேல் கவிழும்போது, நடுவில் மாட்டிய புண்ணியவானுக்கு மட்டுமே எழுத்துத் தெரியும். மற்றவர்க்கு முன்னால் இருப்பவரின் பேன்தான் தெரியும். இரண்டே ஆண்டுகளில் ஏழும் மனப்பாடமாகி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பிழையின்றிப் படிக்கும் மேன்மையை அவர்கள் எய்தினர். இதைப் படிப்பு என்பதா, பாராயணம் என்பதா என்று வித்யாவுக்கே ஐயம் வந்துவிட்டது. “இனிப் படிக்கறக்கு ஒன்னுமே இல்லீங்கக்கா” என்று ஒருநாள் சௌந்தர்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். புதிய புத்தகம் வராவிட்டால் அடுத்த மாதம் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது வித்யாவுக்குத் தெரியும்.

அவ்வேளையில் சேலம் மாநகரிலிருந்து ஓர் ஓலை வந்தது, வாட்ஸப்பில். கிராமத்து வாசிப்பு மன்றங்களுக்கிடையே உரக்க வாசிக்கும் போட்டி! மன்றத்துக்கு ஒரு வீரர். முன்பின் கண்டிராத ஒரு பக்கத்தை அங்கேயே கையில் கொடுப்பார்கள். மூன்றே நிமிடத்தில் வாசித்து முடிக்க வேண்டும். முதற்பரிசு, நூறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி. நூறு! அந்த எண்ணைக் கேட்ட அன்று தெருவில் எட்டுப் பிள்ளைகள் சோறு உண்ணவில்லை, பரோட்டாதான் உண்டார்கள்.

ஞாயிறு காலை படை புறப்பட்டது. தேர்ப்படை இல்லை, குதிரைப்படை இல்லை. யானைப்படை மட்டும் ஒன்று உண்டு, அதாவது சேலை மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி. நாலு தறியையும் நிறுத்திவிட்டு அங்கம்மாள் முன்னிருக்கையில் தளபதியாக வீற்றிருக்க, பின்னால் எட்டு வீரர்களும் வித்யாவும் ஒரு குடம் புளிச்சோறும் குலுங்கி வர, அப்படை பத்தரை மணிக்கு அஸ்தம்பட்டி மண்டபத்தை அடைந்து செருப்பைக் கழற்றியது.

அங்கேதான் பதுங்கியிருந்தான் பகைவன்! குளிர்சாதனத்தின் மூச்சில் பிறந்து, கம்பளத்தின் மடியில் வளர்ந்து, கண்ணாடிக் கதவுகளால் காவல் செய்யப்பட்டு, காலடி ஓசையையும் விழுங்கி ஏப்பம் விடாத கொடியவன், நிசப்தாசுரன்! தறிக்காரத் தெருவார் பிறந்தது முதல் அவனைக் கண்டதில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகளோ அவனோடு பழகியவர்கள்; தேன் ஒழுக, இழுக்கின்றி, மெல்ல வாசித்துக் கைதட்டல் வாங்கிச் சென்றார்கள்.

சௌந்தர்யா மேடையேறினாள். கையில் பக்கம் வந்தது. திமிங்கிலத்தைப் பற்றிய பக்கம். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்துதான். வாயைத் திறந்தாள், தறி அடி வைக்கும், நாமும் சொல் வைப்போம் என்று காத்தாள். தறி அடி வைக்கவில்லை. மீண்டும் காத்தாள். அசுரன் அவள் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒரு நிமிடம் கழிந்ததென மணி அடித்தது. முந்நூறு கண்கள் அவளையே பார்த்தன. அவளுக்கு அழுகை வந்தது, ஓரத்தில் நின்ற வித்யாவுக்கும் வந்தது, மறைப்பானேன், எமக்கும் வந்தது. நூறு புத்தகமும் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன.

அப்போது கடைசி வரிசையில் எழுந்தாள் அங்கம்மாள்! ஓடாத தறியின் கோளாறு என்னவென்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அந்தக் கைகாரி, மகளின் கோளாறையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டாள். முன்னிருக்கை முதுகில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். சடக்கு! மறுபடியும் சடக்கு! மற்ற ஏழு பிள்ளைகளும் புரிந்துகொண்டு முன்னிருக்கைகளைக் காலால் உதைத்தார்கள். சடக்கு! சடக்கு! “அமைதி! அமைதி!” என்று அமைப்பாளர் ஓடிவந்தார்.

“ஏனுங்க, தறி ஓடாம எம்புள்ள எப்படீங்க படிக்கும்?” என்று அவள் முழங்கினாள்.

நடுவர் நாற்காலியில் இருந்தவர் முகம்மது ஹனீப், சேலை வணிகர், செவ்வாய்தோறும் இளம்பிள்ளைக்கு வந்து சரக்கு எடுப்பவர். அவர் கையை உயர்த்தினார். “விடுங்க தம்பி. இந்தச் சத்தத்த முப்பது வருசமா கேட்டு எனக்கு ஒரு காதே போச்சு. புள்ள படிக்கட்டும்.”

அடுத்து நிகழ்ந்ததை எப்படி உரைப்போம்! ‘கடலில்’ சடக்கு ‘வாழும்’ சடக்கு ‘உயிர்களிலே’ சடக்கு என்று அவள் முதல் அடியை விட்டதும் ஒலிபெருக்கி கிறீச்சிட்டு அலற, மேசைமேல் தண்ணீர்ப் புட்டிகள் நடுங்க, வாசற்காவலர் தூக்கம் கலைந்து தொப்பியைத் தேட, ஏற்காடு சாலையில் போன இருசக்கர வண்டிகள் வேகம் குறைக்க, ‘திமிங்கிலங்களின்’ என்னும் நெடுங்கோட்டையையும் ஒரே மூச்சில் ஏறித் தாண்டி, காற்புள்ளிக்கு நில்லாமல், முற்றுப்புள்ளிக்கு மட்டும் இரங்கி, ஓர் எழுத்தும் பிசகாமல் அவள் கடைசிச் சொல்லை எறிந்தபோது, நிசப்தாசுரன் ஆயிரம் துண்டாகிக் கம்பளத்தில் சிதறினான். மூன்றாவது மணி அதற்குப் பிறகே அடித்தது.

விதிப்படி இது செல்லாது என்று மற்ற நடுவர் இருவரும் வாதிட்டனர். “போட்டிக்குப் பேரே உரக்கப் படிக்கிறதுதானே? இதுக்கு மேல யாரு உரக்கப் படிப்பாங்க?” என்று ஹனீப் கேட்டார். இருவரும் விதித்தாளை மடித்து வைத்துவிட்டு, முதற்பரிசுக்கு அவள் பெயரையே எழுதினார்கள்.

யாரோ ஒரு புரவலர் அனுப்பிய பெட்டி, ஒட்டிய நாடா பிரியாமல் குட்டியானையில் ஏறிற்று. மறுநாள் மாலை, தறிகள் வாழ்த்தொலி முழங்க, தெருவே வாசலில் திரண்டு நிற்க, நூலறுக்கும் கத்திரியால் வித்யா அதைத் திறந்தாள். உள்ளே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் ஒரே முகத்தோடு அடுக்கியிருந்தன, சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் குறிப்பு என்னும் ஒரே நூலின் நூறு படிகள். வித்யா தரையிலே உட்கார்ந்துவிட்டாள். சௌந்தர்யா ஒன்றை எடுத்துப் புரட்டினாள், முகர்ந்தாள். “அக்கா, இது நாம படிக்காததுதானுங்களே” என்றாள். பிறகு, மன்றத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, எவர் தலையும் எவர் தலைமேலும் கவிழாமல், ஆளுக்கொரு புத்தகத்தை அவரவர் மடியில் விரித்து, எட்டு வீரர்களும் ஒருசேரக் குரலெடுத்து முதற்பக்கத்தின்மேல் பாய்ந்தனர்.

இன்று வெந்தயக் கஞ்சி வரை வந்திருக்கிறார்கள்.