பொங்கலுக்குப் போய் வந்த இரண்டு ஆடுகள்

எனக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போதே வாய் தானாக "பரவாயில்லை" என்று சொல்லிவிடும். அந்த ஒரு சொல்லால் ஓர் ஆட்டுப் பண்ணையையே நோயில் தள்ளியவள் நான். மூன்று வருஷம் ஆகிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை.

லிம் சூ காங்கில் ஒரு பால் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். (சிங்கப்பூரில் ஆடா என்று கேட்காதீர்கள். புக்கிட் மேராவுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஒருமுறை மூச்சை இழுத்ததும் நம்பிவிடுவார்கள்.)

அந்த வருஷம் லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு மாடும் ஆடும் காட்சிக்கு வைத்த குழுவினர் எங்களிடம் இரண்டு ஆடுகள் கேட்டார்கள். முதலாளி நான்கு கட்டளைகள் போட்டுச் சம்மதித்தார். நம் வாளியில்தான் தண்ணீர் காட்ட வேண்டும். வேறு ஆட்டோடு மூக்கு உரசக் கூடாது. வருகிறவர்கள் கொடுப்பதைத் தின்னக் கூடாது. திரும்பி வந்ததும் மூன்று வாரம் பின்கொட்டகையில் தனியாக இருக்க வேண்டும். வெளியே போய் வந்த ஆடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும்; ஒட்டிக்கொண்டு வந்த நோய் தலைகாட்டச் சில நாள் ஆகும். இதையெல்லாம் பண்ணையின் வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்ததே நான்தான்.

காட்சித் திடலில் எங்கள் ஆடுகளுக்குப் பக்கத்தில் வேறெங்கிருந்தோ வந்த நான்கு ஆடுகள் நின்றன. விழாக் குழுவில் ஒருவரான ஞானசேகர், கழுத்தில் அட்டையும் கையில் ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீருமாக வந்தார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. முகத்தைத் துடைச்சுப் பொட்டு வைக்கணும்."

முதலில் அந்த நான்கு ஆடுகள். மூன்றாவது ஆட்டின் உதட்டோரத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அவர் அதையும் சேர்த்துப் பாசமாகத் துடைத்தார். அதே துண்டைக் கிண்ணத்தில் முக்கிப் பிழிந்துகொண்டு எங்கள் ஆடு வெள்ளையம்மாவிடம் வந்தார்.

"அண்ணே... அந்தத் துண்டு..."

"என்னாக்கா?"

"இல்ல, எல்லாத்துக்கும் ஒரே துண்டா..."

"மஞ்சள் தண்ணிக்கா! இதுல கிருமி நிக்குமா? நம்ம முன்னோருங்க என்ன முட்டாளா லா?"

கூட்டம் சிரித்தது. ஓர் அம்மா ஆட்டின் முன் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல நாளில் குறுக்கே நிற்கிறவள் என்று பேர் வாங்கப் பயந்தேன்.

"பரவாயில்லண்ணே."

(யோவ், மஞ்சள்ல குழம்பு வை! அந்தத் துண்டை என் ஆட்டு வாய்கிட்ட கொண்டு வந்தே, உன்னைத் தூக்கி அந்தக் கிண்ணத்துல முக்கிடுவேன்!)

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். இரண்டையும் பின்கொட்டகையில் விட்டேன். தனி வாளி, தனி பூட்ஸ். காலையில் மற்ற ஆடுகளைக் கவனித்து முடித்த பிறகே இவற்றிடம் போனேன். காய்ச்சல் பார்த்துக் குறித்து வைத்தேன். இரண்டு நாள் எனக்கு நானே மனத்துக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞானசேகர் மனைவியோடும் ஒரு பெட்டி லட்டோடும் பண்ணைக்கு வந்து நின்றார்.

"நம்ம ஆடுங்களைப் பார்க்க வந்தோம்க்கா."

(நம்ம ஆடா?)

"அதுங்க தனியா இருக்குண்ணே. மூணு வாரத்துக்கு..."

"ஜெயிலா? பாவம்க்கா! குட்டிங்களோட நிக்க வெச்சு ஒரே ஒரு போட்டோ. ஃபேமிலி போட்டோ மாதிரி இருக்கும்."

"அஞ்சு நிமிஷம்தானே சிஸ்டர்," என்றார் மனைவி.

என் கை தாழ்ப்பாளைத் திறந்தது. ஆமாம், என் கைதான். வெள்ளையம்மா நேராகக் குட்டிகளிடம் போய் ஒவ்வொன்றின் வாயையும் முகர்ந்தாள். ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது. நான் லட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் வெள்ளையம்மாவின் உதட்டில் கொப்புளம். பிறகு ஒவ்வொரு குட்டிக்கும். வாய்ப்புண் நோய் என்றார் கால்நடை மருத்துவர். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது, மூன்று நான்கு வாரத்தில் தானே ஆறும். பொருக்கைப் பிய்க்காதே, ஈ மொய்க்க விடாதே, மிருதுவான தீனி கொடு, கையுறை இல்லாமல் தொடாதே. பெரிய ஆடுகள் தாங்கிவிடும். குட்டிகள்தான் கவலை. வாய் வலித்தால் பால் குடிக்காது, குடிக்காவிட்டால் பிழைக்காது.

எல்லாவற்றிலும் சிறியது மிளகு. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத கறுப்புக் குட்டி. அதன் புண் தாயின் மடியிலும் ஒட்டிக்கொள்ள, வலி தாங்காமல் தாய் உதைத்துத் தள்ளினாள். குட்டியை என் மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினேன். முதல் நாள் பதற்றத்தில் கையுறையை மறந்தேன். கட்டைவிரலில் ஏற்கெனவே ஒரு கீறல். சில நாளில் அங்கே திராட்சை அளவுக்கு ஒரு வீக்கம்.

மகள் கவிதா என்னைப் பலதுறை மருந்தகம் என்கிற அரசாங்க கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். இளம் மருத்துவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் இன்னும் இருவரை அழைத்து வந்தார். மூன்று பேரும் அனுமதி கேட்டு என் விரலைப் படமெடுத்தார்கள்.

"ஆடா? ஆடு இங்க எங்க ஆன்ட்டி இருக்கு?" என்றார் அவர்களில் ஒரு தமிழ்ப் பெண். வெட்கத்தில் நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

வெளியே வந்து மருந்துக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது. ஞானசேகர்.

"அக்கா! போட்டோ சூப்பரா வந்திருக்கு! அடுத்த வாரம் இன்னொரு விழா. அந்த ரெண்டு ஆட்டையும்..."

"யோவ்! உங்க வீட்டுல எல்லாரும் ஒரே பிரஷ்லதான் பல்லு வெளக்குறீங்களா? மஞ்சள்ல முக்கி முக்கி வெளக்குவீங்களா? என் குட்டி நாலு நாளா வாயைத் திறக்கலய்யா! சாகக் கெடக்குது! இப்ப வந்து போட்டோ எடுய்யா! வா, வந்து எடு!"

அது என் குரல் என்று எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.  ஒரு தாத்தா தன் வரிசை எண் வந்தும் எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

 ஞானசேகர் போனில் மெதுவாகச் சொன்னார்: "துண்டு என் தப்புதான்க்கா. தெரியாம செஞ்சுட்டேன். ஆனா கதவை நீங்கதானே திறந்தீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்போம்லா."

அவர் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் இருப்பதற்குக் காரணம், அவர் சொன்னது சரி என்பதுதான்.

மிளகு மேலும் ஐந்து நாள் இழுத்தது. ஆறாம் நாள் காலை, புட்டியின் ரப்பரை வெடுக்கென்று கடித்து இழுத்தது. அது குடித்து முடிக்கும்வரை நான் அசையவில்லை. எல்லாக் குட்டிகளும் பிழைத்தன. முதலாளி திட்டவில்லை. பலகையைச் சுத்தமாக அழித்துவிட்டு, பேனாவை என் கையில் கொடுத்து, நான்கு கட்டளைகளையும் மறுபடி எழுதச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

வீட்டில்தான் விமோசனமே இல்லை. சாப்பாடு தப்பாக வந்தாலும், ஏர்கான் பழுது பார்க்க வருகிறவர் வராவிட்டாலும், என் கணவர், "அம்மாகிட்ட போனைக் குடு. பிரஷ் கேள்வி கேக்கட்டும்," என்பார்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன் ஞானசேகர் மறுபடி பண்ணை வாசலில் நின்றார்.

"ரெண்டே ரெண்டு ஆடுக்கா. தனித்தனித் துண்டு வாங்கி வெச்சுருக்கேன்."

கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்ணே," என்றேன்.

"சரிக்கா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமான ஒன்றா! பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். நடந்ததை வீட்டில் சொன்னதும் கவிதா நம்பவில்லை.

"பொய் சொல்லாதம்மா. நீ பிரஷ் கேள்வி கேக்காமலேயா அவரு போனாரு?"