பபகாவு வாரங்கள்

"புரியலக்கா," என்றான் ஐலைசா.

லிட்டியா கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். போன வாரம் இதே பாடத்துக்கு, "நல்லாப் புரிஞ்சுதுக்கா" என்று தலையாட்டிய அதே மூன்று பேர்! சோதனை நடத்தும்போது யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதை ஏன் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பிஜித் தலைநகர் சுவாவில் அவள் படித்த புள்ளியியல் துறையில், முதுகலைக்காரர்கள் இளங்கலைப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும். பருவ முடிவில் பிள்ளைகள் சொந்தமாக ஒரு சோதனை செய்து காட்டுவார்கள். அதில் சொதப்பினால் வழிகாட்டி வேலை போய்விடும். லிட்டியாவுக்கோ இந்தப் பிள்ளைகளோடு கழியும் வியாழக்கிழமைகள் என்றால் உயிர்.

"பசியோட இருந்தா மண்டையில எப்படி ஏறும்?" என்று முடிவுகட்டி, அடுத்த வாரம் பபகாவு என்ற உப்பலான மாவுப் பலகாரத்தைப் பொரித்து எடுத்து வந்தாள். பன்னிரண்டும் ஐந்தே நிமிடத்தில் காலி.

"இப்பப் புரிஞ்சுதா?"

"இல்லக்கா," என்றாள் செரியானா, விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கியபடி.

மறு வாரம் இருபது பபகாவு, கூடவே அடுப்பில் சுட்ட ஒரு கஸ்டர்டு இனிப்பு.

"புரிஞ்சுருச்சுக்கா!"

அப்பாடா என்று அதற்கடுத்த வாரம் வெறுங்கையோடு போனாள்.

"சுத்தமாப் புரியலக்கா."

லிட்டியா மறுபடி மாவு பிசைந்தாள். பேசவே பேசாத மூன்றாமவன் வாமே மட்டும் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தான். ஒருத்தனாவது உருப்படியாகக் குறிப்பெடுக்கிறானே என்று அவளுக்கு மனசு நிறைந்தது.

அன்று அவள் பாத்திரத்தோடு வகுப்புக்கு வரும்போது, மூவரும் வாசலில் நின்று காசு சுண்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாடம் ஏறல, இங்க விளையாட்டு கேக்குதா? உங்க சோதனை என்னடா ஆச்சு?"

"அது பாட்டுக்கு நடக்குதுக்கா," என்றான் ஐலைசா, பாத்திரத்தை எட்டிப் பார்த்தபடி. "இன்னிக்கு எத்தனை?"

கடைசி நாள் வந்தது. லிட்டியா பின்வரிசையில் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"சொல்லுங்க. என்ன சோதனை பண்ணீங்க?"

அந்தப் பருவத்திலேயே முதல் தடவையாக வாமே வாயைத் திறந்தான்.

"வாரா வாரம் காசு சுண்டுவோம் சார்; தலை விழுந்தா 'புரியல', பூ விழுந்தா 'புரிஞ்சுது'ன்னு சொல்லுவோம்; எதைச் சொன்னா அக்கா அடுத்த வாரம் பபகாவு அதிகமாக் கொண்டு வர்றாங்கன்னு எண்ணிப் பாத்தோம்."